இருவர் கொணர்ந்த நெருப்பு

நுழையும்முன்

பதினேழு வயது, பள்ளிக்கும் வாழ்க்கைக்கும் இடையில் நிற்கும் பருவம். எதைக் கற்பது, எங்கே செல்வது, யாரை நம்புவது என்னும் வினாக்கள் ஒருசேர எழும் பருவமும் அதுவே. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்னர், மழை பொய்த்த கரிசல் ஊர் ஒன்றிலிருந்து இளைஞர் இருவர், மொழி அறியாத தொலைநகரம் ஒன்றுக்குத் தொழில் கற்கச் சென்றனர். அவர்கள் கற்றுவந்த தொழில் இன்று ஒரு வட்டாரத்தின் வாழ்வாக விளங்குகிறது. அவ்விருவருள் ஒருவரான சிவகாசி அய்ய நாடாரின் வாழ்க்கையை, அவருடைய தோழமையோடு சேர்த்துக் காண்போம்.

கரிசல் நிலத்துச் சிற்றூர்

இன்றைய விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே அமைந்துள்ள ஊர் சிவகாசி. ஊர்ப்பெயர் குறித்துச் செவிவழிச் செய்தியொன்று வழங்குகிறது. தென்காசியில் கோயில் எழுப்ப விரும்பிய பாண்டிய மன்னன் காசியிலிருந்து சிவலிங்கம் ஒன்றைக் கொண்டுவந்தான் என்றும், வழியில் இவ்விடத்தைக் கடக்க இயலாமற் போகவே இலிங்கத்தை இங்கேயே நிறுவினான் என்றும் கூறுவர். வடக்கிலிருந்து வந்த ஒன்று நிலைகொண்ட ஊர் என்பது மக்களின் நம்பிக்கை. இருபதாம் நூற்றாண்டில் அவ்வூரின் வரலாறும் ஏறக்குறைய அவ்வாறே அமைந்தது.

தென்மேற்குப் பருவக்காற்று கொணரும் மழையை மலைத்தொடர் தடுத்து நிறுத்திவிடும். வடகிழக்குப் பருவமழையும் ஆண்டுதோறும் ஒரே சீராகப் பெய்வதில்லை. பெய்த ஆண்டில் பருத்தியும் கம்பும் சோளமும் விளையும். பெய்யாத ஆண்டில் கரிய மண் பிளந்து கிடக்கும். 1876ஆம் ஆண்டு தொடங்கிய பெரும்பஞ்சத்தைப் பற்றிய நினைவு, அடுத்த தலைமுறையினரின் பேச்சிலும் மறையாதிருந்தது. உழவை மட்டும் நம்பி வாழ இயலாத மக்களுள் பலர் இலங்கைக்கும் பருமாவுக்கும் பிழைப்பைத் தேடிச் சென்றனர். ஊரில் தங்கியோர் வணிகத்தில் ஈடுபட்டனர். வணிகர்கள் தம் வருவாயில் ஒரு சிறுபங்கை மகமை என்னும் பெயரில் பொதுநிதியாகச் சேர்த்து, பள்ளிகள் நடத்தியும் பொதுப்பணிகள் செய்தும் வந்தனர். ஈட்டிய பொருளில் ஒரு பகுதி ஊருக்குரியது என்னும் எண்ணம் அச்சூழலில் வளரும் சிறுவர்க்கு இயல்பாகவே படிந்தது.

அத்தகைய ஊரில் 1905ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அய்ய நாடார் பிறந்தார். அன்று திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த சிவகாசி, 1910இல் உருவாக்கப்பட்ட இராமநாதபுர மாவட்டத்தைச் சேர்ந்தது. அய்ய நாடாரின் நெருங்கிய உறவினர் சண்முக நாடார். ஒரே ஊர், ஒரே உறவுக் கூட்டம், ஒரே வறட்சி ஆகியவற்றுக்கிடையே வளர்ந்த இவ்விருவரின் பெயர்களும் பின்னாளில் பிரித்துச் சொல்ல இயலாதவாறு இணைந்தன. சிவகாசியின் தொழில் வரலாற்றை எவர் எழுதினும், இருவர் பெயரையும் சேர்த்தே முதல்வரியில் எழுதுவர்.

இருவரும் வளர்ந்த காலம்

அய்ய நாடார் பிறந்த ஆண்டிலேயே வங்காளம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. அதனை எதிர்த்து எழுந்த சுதேசி இயக்கம், அயல்நாட்டுப் பொருளை விலக்கி உள்நாட்டுப் பொருளை ஆக்குமாறு மக்களைத் தூண்டியது. அடுத்த ஆண்டில் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். சிவகாசிக்கு அத்துறைமுகம் தொலைவில் இல்லை. அயலவர் செய்வதை நம்மவரும் செய்ய இயலும் என்னும் நம்பிக்கை, தெற்கத்திச் சீமையின் கடைவீதிகளிலும் பேசப்பட்டது. 1921ஆம் ஆண்டு செப்டம்பரில் காந்தியடிகள் மதுரையில் தம் உடையைக் குறைத்துக்கொண்டு அரையாடை உடுத்தத் தொடங்கியபோது, அய்ய நாடாருக்கு வயது பதினாறு.

அக்காலச் சிற்றூர்களில் நெருப்பு எளிதில் கிடைப்பதன்று. சிக்கிமுக்கிக் கல்லைத் தட்டிப் பஞ்சில் பொறி விழச்செய்வர். அடுப்புக் கங்கைச் சாம்பலில் மூடிவைத்து, மறுநாள் ஊதிக் கனலச் செய்வர். அணைந்துவிட்டால் அண்டை வீட்டுக்குச் சென்று நெருப்பு வாங்கி வருவர். தீப்பெட்டியின் வரவு இத்தொல்லையைப் போக்கியது. ஆனால் கடைகளில் விற்ற தீப்பெட்டிகள் சுவீடனிலிருந்தும் சப்பானிலிருந்தும் கப்பலில் வந்தவை. முதல் உலகப்போர்க் காலத்தில் ஐரோப்பிய வரத்துக் குறைய, சப்பானியத் தீப்பெட்டிகளே சந்தையை நிறைத்தன. ஒரு நாட்டு மக்கள் அடுப்பு மூட்டுவதற்கும் அயல்நாட்டை எதிர்நோக்கியிருந்த காலம் அது.

1922ஆம் ஆண்டில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. தன் வருவாயைப் பெருக்க விரும்பிய ஆங்கிலேய அரசு, இறக்குமதியாகும் தீப்பெட்டிக்கான தீர்வையை ஒரு குரோசுக்கு ஒன்றரை ரூபாயாக உயர்த்தியது. குரோசு என்பது 144 பெட்டிகள் கொண்ட வணிக அளவு. இந்தியத் தொழிலை வளர்க்கும் நோக்கத்தில் அத்தீர்வை விதிக்கப்படவில்லை. எனினும், அயல்நாட்டுப் பெட்டியின் விலை உயர்ந்ததால் உள்நாட்டில் செய்த பெட்டிக்கும் சந்தையில் இடம் பிறந்தது. இத்தகைய வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்ள, தொழில் அறிந்தவர் வேண்டும். தென்தமிழ்நாட்டில் அத்தொழில் அறிந்தோர் அன்று அரியர்.

வடக்கு நோக்கிய பயணம்

அந்த ஆண்டிலேயே அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்பதற்காகக் கல்கத்தாவுக்குச் சென்றனர். சுதேசி இயக்கத்தின் தாயகமாகிய அந்நகரில், சிறிய அளவில் தீப்பெட்டி செய்யும் தொழிலகங்கள் தோன்றியிருந்தன. கடைவீதியில் அமர்ந்து வாங்கி விற்பதைவிட, ஆக்கக் கற்றுவருவதே ஊருக்கு வழிகாட்டும் என்பது அப்பயணத்தின் பொருள்.

இன்று அப்பயணம் எளிதாகத் தோன்றலாம். அன்று சிவகாசிக்குத் தொடர்வண்டியே இல்லை. விருதுநகரிலிருந்து தென்காசிக்குச் செல்லும் இருப்புப்பாதை 1927இல்தான் திறக்கப்பட்டது. தொடர்வண்டியில் ஏற வேண்டுவோர் மதுரை–தூத்துக்குடிப் பாதையில் உள்ள சாத்தூருக்கோ விருதுபட்டிக்கோ சாலைவழியே செல்ல வேண்டும். விருதுநகர் என்னும் பெயரே 1923இல் வந்தது. அதுவரை அது விருதுபட்டிதான். அங்கிருந்து சென்னை, பிறகு ஆந்திரக் கடற்கரை, அதன்பின் ஒரிசா, முடிவில் ஊக்ளி ஆற்றங்கரை என, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வழி. தெலுங்கும் ஒரியாவும் கடந்து வங்கமொழி வழங்கும் நிலத்தை அடையும்போது, கையிலிருக்கும் தமிழ் எதற்கும் உதவாது. சோற்றின் பதம் முதல் குளிக்கும் நீர் வரை அனைத்தும் வேறு.

இத்தகைய இடத்தில் தோழமையின் அருமை விளங்கும். தனியே செல்பவர் தளர்ந்துபோனால் தாங்குவதற்கு ஆளில்லை. இருவராகச் செல்லும்போது, ஒருவர் கண்ணில் படாதது மற்றவர் கண்ணில் படும்; ஒருவர் மறந்ததை மற்றவர் நினைவில் வைத்திருப்பார்; நாள் முழுதும் அயல்மொழி கேட்ட செவி, இரவில் சொந்த மொழி கேட்கும். ஏறத்தாழ எட்டு மாதங்கள் இருவரும் அந்நகரில் தங்கித் தொழில் பயின்றனர். முதலாளியாகும் நோக்குடன் சென்றவர்கள், தொழிலாளராக நின்று கற்றனர். சிறுவராகப் புறப்பட்டவர்கள் தொழிலறிந்த இளைஞராக மாறியது அந்த எட்டு மாதங்களில்தான்.

தீக்குச்சியின் நுட்பம்

ஒரு தீக்குச்சியைக் கையில் எடுத்துப் பார்த்தால் அது மிக எளிய பொருளாகவே தோன்றும். அதைச் செய்வதில் அடங்கிய நுட்பம் பெரிது. தொடக்கக் காலத் தீக்குச்சிகளில் வெண்பாசுவரம் பயன்பட்டது. எங்கு உரசினாலும் பற்றிக்கொள்ளும் அக்குச்சி, வீட்டுக்கும் ஊறு விளைத்தது. அதன் ஆவியை நுகர்ந்த தொழிலாளரின் தாடை எலும்பையும் அரித்தது. இந்தியாவில் வெண்பாசுவரத் தீப்பெட்டிகள் 1913ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டன. அதற்கு மாற்றாக வந்ததே காப்புத் தீப்பெட்டி. சுவீடன் நாட்டு வேதியியலார் பாஷ் 1844இல் இதற்கான வழியைக் கண்டார்; லுண்ட்ஸ்ட்ரோம் உடன்பிறந்தோர் அதைத் தொழிலாக வளர்த்தனர்.

இதன் அடிப்படை, சேரக்கூடாத இரண்டைப் பிரித்துவைப்பது. குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டு, கந்தகம், கண்ணாடித்தூள், வச்சிரப்பசை முதலியன இருக்கும். செம்பாசுவரம் பெட்டியின் பக்கத்தில் தனியே தடவப்பட்டிருக்கும். உரசும்பொழுதில் மட்டும் இரண்டும் சந்தித்து நெருப்பு பிறக்கும். தொழிலகத்தில் இவ்விரண்டும் தவறிக் கலந்துவிட்டால், கையசைவே வெடிப்புக்குப் போதுமானது. எனவே இத்தொழிலில் முதலில் கற்க வேண்டுவது வேகத்தையன்று, ஒழுங்கை. எந்த மருந்தை எங்கே வைப்பது, எந்த அளவில் கலப்பது, எவ்வளவு நேரம் உலர்த்துவது என்பன, பார்த்தும் செய்தும் பழக வேண்டியவை.

குச்சிக்கு மென்மரம் வேண்டும். இலவம் போன்ற மரங்களைச் சீவிக் குச்சியாக நறுக்குவர். குச்சிகளை வரிப்பள்ளங்கள் உள்ள மரச்சட்டங்களில் ஒவ்வொன்றாக நிறுத்துவர். இதனைக் கட்டை அடுக்குதல் என்பர். அடுக்கிய கட்டையில் குச்சி முனைகளை முதலில் மெழுகிலும் பின்னர் மருந்திலும் முக்கி உலர்த்துவர். மறுபுறம் அடிப்பெட்டியும் மேல்பெட்டியும் ஒட்டப்படும். உலர்ந்த குச்சிகளைப் பெட்டியில் அடைத்து, பக்கத்தில் மருந்து தடவி, முகப்புத்தாள் ஒட்டிக் கட்டுகளாகக் கட்டுவர். இவை அனைத்தையும் முழுமையாக அறிந்தபின் இருவரும் ஊர் திரும்பினர்.

முதல் முயற்சியும் இடறலும்

1923ஆம் ஆண்டில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது. அதற்கென ஜெர்மனியிலிருந்து இயந்திரங்கள் வரவழைக்கப்பட்டன. புதிய தொழில் என்றால் புதிய இயந்திரம் வேண்டும் என எண்ணுவது எவர்க்கும் இயல்பு. ஆனால் எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. இயந்திரம் வாங்கிய முதலுக்கும் அதை இயக்கும் செலவுக்கும் ஈடாகும் அளவுக்குச் சிற்றூர் ஒன்றில் ஆக்கமும் விற்பனையும் பெருகவில்லை.

இதே காலத்தில் எதிர்ப்பக்கம் ஒரு பெருநிறுவனம் எழுந்தது. உலகத் தீப்பெட்டி வணிகத்தின் பெரும்பகுதியைக் கைக்கொண்டிருந்த சுவீடன் நாட்டு நிறுவனம், 1923இல் விம்கோ என்னும் பெயரில் இந்தியாவில் கால்பதித்தது. தீர்வை கட்டிப் பெட்டிகளை இறக்குவதைவிட, இந்தியாவிலேயே செய்து விற்பது அதற்கு ஆதாயமாக இருந்தது. பம்பாய்க்கு அருகிலுள்ள அம்பர்நாத் முதலிய இடங்களில் அதன் பெரும் ஆலைகள் இயங்கின. அதன் தலைவர் ஈவார் குரூகர், நாடுகளின் அரசுகளுக்கே கடன் கொடுத்து, ஈடாகத் தீப்பெட்டி விற்கும் தனியுரிமையைப் பெற்றவர். அத்தகைய நிறுவனத்தோடு இயந்திரத்துக்கு இயந்திரம் நின்று போட்டியிடுவது, சிவகாசி இளைஞர் இருவர்க்கு இயலாத செயல்.

தோல்வி கண்ட இடத்தில் இருவரும் தம் ஊரை மீண்டும் உற்றுநோக்கினர். அவ்வூரில் இல்லாதது முதல்; இருந்தது உழைப்பு. இல்லாதது மழை, இருந்தது வெயில். மழைக்குறைவு உழவனுக்குப் பகை. ஆனால் மருந்து முக்கிய குச்சிக்கும் பசை தடவிய பெட்டிக்கும் அதுவே துணை. ஈரமற்ற காற்றில் ஆண்டின் பெரும்பகுதி நாள்களிலும் அவை எளிதில் உலரும். விளைச்சல் இல்லாத மாதங்களில் வேலையின்றி இருந்த குடும்பங்கள் வட்டாரம் எங்கும் இருந்தன. இயந்திரத்தை விட்டுவிட்டுக் கையால் செய்யும் முறைக்கு 1926ஆம் ஆண்டளவில் தொழில் மாறியது. கட்டை அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் பெண்களின் கைகளுக்கு வந்தன. பெட்டி ஒட்டும் வேலை வீட்டுத் திண்ணைகளிலும் நடந்தது. ஊரின் குறை எனக் கருதப்பட்டது, தொழிலின் முதலாக மாறியது.

குரூகர் 1932இல் பாரிசு நகரில் கடன்சுமையில் சிக்கித் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய பேரரசு சரிந்தது. கையால் செய்த சிவகாசித் தீப்பெட்டி சந்தையில் நிலைத்தது.

பிரிந்தும் பிரியாத தோழமை

தொழில் கையடக்கமான வேளையில், 1926ஆம் ஆண்டை ஒட்டி, இருவரும் தனித்தனியே தொழில் நடத்தத் தொடங்கினர். சேர்ந்து கற்றவர், சேர்ந்து இடறியவர், வெற்றி வரும் தருணத்தில் பிரிவது வழக்கமாக மனக்கசப்பிலே முடியும். பங்கு பிரிக்கும்போது உறவும் பிரிந்துபோன கதைகள் வணிக உலகில் பலவுண்டு. இங்கு நிகழ்ந்தது வேறு. சண்முக நாடார் காளீசுவரி என்னும் பெயரில் தம் தொழிலை வளர்த்தார். அய்ய நாடார் நேஷனல் என்னும் பெயரிலும் அணில் முத்திரையிலும் தம் தொழிலை வளர்த்தார். ஒரே சந்தையில் இருவர் பெட்டிகளும் அருகருகே விற்றன. இரண்டு தொழிலகங்களும் ஓங்கின. ஒன்றை ஒன்று வீழ்த்தவில்லை.

இதன் விளைவை ஊர் அடைந்தது. தொழில் ஒரு கூரையின்கீழ் அடைபட்டிருந்தால், அது ஒரு குடும்பத்தின் செல்வமாக மட்டுமே வளர்ந்திருக்கும். இரண்டு அடுப்புகளில் எரியத் தொடங்கிய நெருப்பு மேலும் பல அடுப்புகளுக்குப் பரவியது. இத்தொழிலகங்களில் வேலை கற்றோரும் அருகிருந்து கண்டோரும் சிறுசிறு தொழிலகங்களைத் தொடங்கினர். சாத்தூர், கோவில்பட்டி முதலிய ஊர்களுக்கும் தீப்பெட்டித் தொழில் சென்றது. பெரும் முதல் தேவைப்படாத கைத்தொழிலாக அது இருந்ததே அவ்வாறு பரவியதற்குக் காரணம். அண்டை வீட்டுக்குக் கங்கு கொடுத்தால் நம் அடுப்பு அணைந்துவிடாது என்பது பழைய ஊர்ப்பழக்கம். தொழிலிலும் அப்பழக்கம் தொடர்ந்தது எனலாம்.

நட்பு என்பது எப்போதும் ஒன்றாகவே இருப்பது எனச் சிறுவயதில் எண்ணுகிறோம். வளர்ந்தபின் வழிகள் பிரிவது இயல்பு. பிரியும்போது ஒருவர் உயர்வை மற்றவர் தம் தாழ்வாகக் கருதாமல் இருப்பதே நட்பு முதிர்ந்ததற்கு அடையாளம். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கடந்தும், போட்டியாளராகிய இவ்விருவர் பெயரையும் ஊர் சேர்த்தே சொல்வது அதற்குச் சான்று.

மத்தாப்பும் அச்சும்

தீப்பெட்டியோடு தொழில் நிற்கவில்லை. மருந்துக் கலவையில் தேர்ந்த கை, வண்ண ஒளி தரும் மத்தாப்புத் தீக்குச்சிகளைச் செய்யத் தொடங்கியது. அதிலிருந்து கம்பி மத்தாப்பு, வாணவேடிக்கை, பட்டாசு எனத் தொழில் விரிந்தது. அதுவரை இந்தியாவின் தீபாவளிக்குச் சீனம் முதலிய நாடுகளிலிருந்து பட்டாசு வந்துகொண்டிருந்தது. 1939இல் இரண்டாம் உலகப்போர் மூண்டதும் அவ்வரத்துத் தடைப்பட்டது. 1940இல் வெடிபொருள் விதிகள் நடைமுறைக்கு வந்தன. உரிமம் பெற்றே பட்டாசு செய்யலாம், மருந்தை இன்ன அளவில் இன்ன தொலைவில் வைக்கலாம் என்னும் ஒழுங்குகள் ஏற்பட்டன. அவ்விதிகளின்கீழ் முறையான பட்டாசு ஆலைகள் சிவகாசியில் எழுந்தன. இன்று நாட்டின் பட்டாசு உற்பத்தியில் மிகப் பெரும்பகுதி இவ்வட்டாரத்திலிருந்தே செல்கிறது.

தீப்பெட்டிக்கு முகப்புத்தாள் வேண்டும். பட்டாசுக்கு வண்ண உறை வேண்டும். எழுத்தறியாதவரும் படத்தைப் பார்த்துத் தமக்குப் பழகிய பெட்டியைக் கேட்டு வாங்குவர். ஆதலின் முத்திரைப்படம் தெளிவாக இருத்தல் இன்றியமையாதது. அணிலும் சேவலும் வீட்டுப்பெயர்களாக நிலைத்தமை அதனாலேயே. இத்தேவைக்காக ஊரிலேயே கல்லச்சகங்கள் தோன்றின. வறண்ட காற்று அச்சுத்தாளுக்கும் ஏற்றதாக இருந்தது. முகப்புத்தாளில் தொடங்கிய அச்சுத்தொழில், நாட்காட்டி, பள்ளிக் குறிப்பேடு, பாடநூல் என வளர்ந்தது. தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்னும் மூன்று தொழில்களும் ஒன்றையொன்று தாங்கின. உழைப்பின் சிறப்பால் சிவகாசிக்குக் குட்டி சப்பான் என்னும் பெயரும் வழங்கலாயிற்று. சப்பானியத் தீப்பெட்டியை வாங்கி எரித்த ஊருக்கு அப்பெயர் அமைந்தது, காலம் செய்த மாற்றம்.

ஒளியும் நிழலும்

எந்தத் தொழிலுக்கும் நிழல் உண்டு. நெருப்புத் தொழிலின் நிழல் கடியது. விதிகளைப் புறக்கணித்த இடங்களில் விபத்துகள் நேர்ந்தன, உயிர்கள் பறிபோயின. இன்றும் அவ்வப்போது அத்துயரச் செய்திகள் வருகின்றன. மற்றொரு நிழல் இன்னும் நெடிது. கட்டை அடுக்குவதற்கு மெல்லிய விரல்கள் விரைந்து இயங்கும் என்பதனால், தாயோடு வேலைக்கு வந்த சிறுவரும் சிறுமியரும் நாளடைவில் தாமே தொழிலாளர் ஆயினர். விடியுமுன் ஊர்களுக்கு வந்து குழந்தைகளை ஏற்றிச்சென்ற தொழிற்சாலைப் பேருந்துகளை இவ்வட்டாரத்து முதியோர் இன்றும் நினைவுகூர்வர். பசியைத் தீர்த்த தொழிலே சில வீடுகளில் பள்ளிக்கூட வாயிலையும் அடைத்தது. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம், தீப்பெட்டி, வெடிபொருள், பட்டாசுத் தொழில்களில் பதினான்கு வயது நிரம்பாதோரை அமர்த்துவதைத் தடைசெய்தது. அதன்பின் பள்ளிகளும் தொண்டமைப்புகளும் பெற்றோரும் பல்லாண்டு முயன்ற முயற்சியாலேயே அந்நிலை மாறத் தொடங்கியது. ஒரு தொழிலின் பெருமையைப் பேசும்போது, அதற்காகக் கொடுக்கப்பட்ட விலையையும் மறவாது எண்ணுதல் வரலாறு கற்போரின் கடமை.

கல்வியின் தேவையை அய்ய நாடார் உணர்ந்திருந்தார் என்பதற்கு அவர் செயலே சான்று. தொழிலில் ஈட்டியதை ஊருக்குத் திருப்பித்தரும் மகமை மரபில் வளர்ந்தவர் அவர். சிவகாசி நகராட்சியின் தலைவராகப் பொதுப்பணி ஆற்றினார். 1963ஆம் ஆண்டில் தம் பெயரையும் தம் துணைவியார் பெயரையும் இணைத்து, அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியைச் சிவகாசியில் நிறுவினார். மேற்படிப்புக்காக வெளியூர் செல்ல வசதியற்ற எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தம் ஊரிலேயே கல்லூரி வாய்த்தது. தொழில் கற்பதற்கென ஒருகாலத்தில் கல்கத்தா வரை செல்ல வேண்டியிருந்த ஊரில், கற்பதற்கென வெளியிலிருந்தும் மாணவர் வந்து சேரும் நிலை உருவாயிற்று. சண்முக நாடாரின் வழியினரும் பின்னாளில் காளீசுவரி என்னும் பெயரில் கல்வி நிறுவனங்களைத் தோற்றுவித்தனர். தொழிலில் அருகருகே சென்ற இரு பெயர்கள் கல்வியிலும் அருகருகே நிற்கின்றன.

அய்ய நாடார் 1982ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் மறைந்த மூன்றாண்டுகளில், 1985இல், இராமநாதபுர மாவட்டத்திலிருந்து பிரிந்து விருதுநகரைத் தலைநகராகக் கொண்ட தனி மாவட்டம் உருவானது. ஒரு காலத்தில் மழைக்காக வானத்தைப் பார்த்திருந்த அவ்வட்டாரத்தின் ஊர்ப்பெயர், நாடெங்கும் உள்ள அடுக்களைகளிலும் திருவிழாக்களிலும் அறிமுகமாகியிருந்தது.

முடிவுரை

அய்ய நாடார் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர் அல்லர். காப்புத் தீப்பெட்டியைக் கண்டவர்கள் சுவீடன் நாட்டினர். அவர் கற்றுக்கொண்டது வங்காளத்தில். தெரியாததைத் தேடிச்சென்று கற்றதும், கற்றதைத் தன் மண்ணுக்கேற்ப மாற்றியதும், மாற்றியதைத் தனக்கெனப் பூட்டிவைக்காமல் பரவவிட்டதும் அவருடைய பணி. அப்பணியின் முதல் அடியை அவர் தனியே வைக்கவில்லை. உடன் நடக்க ஒரு தோழர் இருந்தார். பின்னர் வழி இரண்டானபோதும் அத்தோழமை சிதையவில்லை.

இன்று சிவகாசிக் கல்லூரி வளாகங்களில் காலையில் நுழையும் மாணவர் பலருக்கு, அவர்கள் தொடர்வண்டி ஏறியபோது இருந்த வயதுதான் இருக்கும். அவர்களுள் சிலருடைய தாயும் பாட்டியும் கட்டை அடுக்கிய கைகளை உடையவர்கள். அக்கைகள் சேர்த்த காசில் அவர்கள் நூல்களை வாங்குகின்றனர். அந்நூல்களுள் சிலவும் அவ்வூர் அச்சகங்களில் அச்சிட்டவையே.